முதல் டிராக் நாளுக்கு ஹெல்மெட்: கடையில் பாதி, காரில் மீதி

பணம் கட்டிச் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளைத்தான் டிராக் நாள் என்கிறோம். அன்று சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் காலை ஏழு மணிக்குக் காரைச் சரிபார்க்கும் மேசை முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே, யார் யார் முதல் தடவை வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கார் பளபளவென்று இருக்கும். பிரேக் ஆயில் மாற்றியாயிற்று, டயரில் காற்று பார்த்தாயிற்று, ஸ்டெப்னியைக்கூட இறக்கி வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். கக்கத்தில் இடுக்கியிருக்கும் ஹெல்மெட் மட்டும் பைக்குடையதாக இருக்கும். நானும் அப்படித்தான் போய் நின்றேன். நாலு வருஷம் வண்டியில் போட்டுத் தேய்ந்த ஹெல்மெட். சரிபார்த்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், "இது பைக்குக்கு சார்" என்று கையில் கொடுத்துவிட்டார்.

யாரோ ஒரு புண்ணியவானிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். என் தலைக்கு அது ஒரு சைஸ் பெரிது. நேர்ப்பாதையின் கடைசியில் பிரேக்கை அழுத்தினால் ஹெல்மெட் முன்னால் சரிந்து புருவத்தில் வந்து உட்காரும். திருப்பத்தில் தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம். 3.7 கிலோமீட்டர் டிராக்கில் பாதித் தூரம் இடது கையால் ஹெல்மெட்டை மேலே தள்ளிக்கொண்டே ஓட்டினேன். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எந்தக் கோட்டில் திரும்ப வேண்டும் என்று இன்ஸ்ட்ரக்டர் சொன்னது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்குக் கட்டின பணத்தில் பாதி அந்த ஹெல்மெட்டாலேயே வீணானது.

இருங்காட்டுக்கோட்டையோ, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயோ, நொய்டா பக்கத்து புத் சர்க்யூட்டோ, சொந்தக் காரை முதல் முறை டிராக்கில் ஓட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைக் டிராக் நாளுக்குப் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. கையுறை, ஷூ, ஜம்ப் சூட் பற்றியெல்லாம் இன்னொரு நாள் பேசலாம். முதல் நாளுக்கு உடம்பு மூடும் பருத்தித் துணியும் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவும் போதும்.

1. முதலில் போனை எடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் டிராக் நாள் நடத்துபவரைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். எந்தத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டை ஏற்றுக்கொள்வீர்கள்? எந்த ஆண்டு வரை பழையதாக இருக்கலாம்? வாடகைக்கு ஹெல்மெட் உண்டா? பக்கத்து சீட்டில் யாரையாவது உட்காரவைக்கும் எண்ணம் இருந்தால் அவருக்கு என்ன விதி என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பக்கத்தில் இருப்பவருக்கும் அதே விதிதான்.

நடத்துபவருக்கு நடத்துபவர் விதி மாறும். பைக் ஹெல்மெட்டே போதும் என்று விடுபவர்களும் இருக்கிறார்கள். பைக்குடையது செல்லவே செல்லாது என்பவர்களும் இருக்கிறார்கள். விதி தளர்வாக இருந்தால் அதைச் சாக்காக வைத்து எதையாவது போட்டுக்கொண்டு போகலாம் என்று சொல்லவில்லை. ஆனால் விதி தெரியாமல் காசைப் போட்டால் என்னைப் போல மேசை முன்னால் நின்று முழிக்க வேண்டிவரும்.

வாடகை ஹெல்மெட் கிடைத்தால், அதுவும் நல்ல முத்திரையோடு உங்கள் அளவிலேயே கிடைத்தால், முதல் நாளுக்கு அதை எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. டிராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று திரும்புகிறவர்களும் உண்டு. இரண்டாவது தடவை போவோம் என்று மனசுக்குத் தோன்றும்போது சொந்தமாக வாங்கலாம். வாடகைக்கு எடுத்தால் உள்ளே போட ஒரு பலாக்ளாவா, அதாவது தலையையும் கழுத்தையும் மூடும் துணி, கையோடு கொண்டுபோங்கள். முந்தைய ஆளின் வியர்வை உங்கள் நெற்றியில் வேண்டாம்.

2. பைக் ஹெல்மெட் ஏன் கூடாது

புதியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஹெல்மெட் என்றால் ஹெல்மெட்தானே?

பைக்கிலிருந்து விழுகிறவரின் தலை பெரும்பாலும் தரையிலோ ஏதாவது ஒரு பொருளிலோ மோதும். உடம்பு உருண்டு, சறுக்கிப் போகும். காருக்குள் கதை வேறு. உடம்பை பெல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். தலை மட்டும் ஆடும். ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமலிருக்க உள்ளே போடும் இரும்புக் குழாய்க் கூடு) போட்ட காராக இருந்தால் அந்த இரும்புக் குழாயில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடிபடலாம். அடுத்தது தீ. பைக் எரிந்தால் எழுந்து ஓடிவிடலாம். நசுங்கிய காருக்குள் பெல்ட்டை அவிழ்த்து வெளியே வரக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் ஹெல்மெட்டின் வாரும் உள்துணியும் உருகி ஒட்டிக்கொள்ளக் கூடாது.

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை தன் முத்திரையில் எழுத்துகளைப் பிரித்திருக்கிறது. பீட் ஸ்னெல் என்ற பந்தய ஓட்டுநர் 1956-ல் ஒரு பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அன்று அவர் போட்டிருந்த ஹெல்மெட் அவரைக் காப்பாற்றவில்லை. அடுத்த ஆண்டு அவர் பெயரில் நண்பர்கள் தொடங்கிய அமைப்பு இது. ஹெல்மெட்டுகளை அடித்து, உடைத்து, கொளுத்திப் பார்த்து முத்திரை தருகிறது.

எம் என்றால் மோட்டார் சைக்கிள். கே என்றால் கார்ட்டிங், அதாவது தரையை ஒட்டி ஓடும் கூரையில்லாத சின்ன வண்டிப் பந்தயம். எஸ்ஏ என்றால் கார் பந்தயம். எஸ்ஏ ஹெல்மெட்டுக்குத் தீச் சோதனை உண்டு, குழாய் போன்ற இரும்பில் மோதும் சோதனையும் உண்டு. எம் ஹெல்மெட்டுக்கு இந்த இரண்டும் கிடையாது. கே ஹெல்மெட்டுக்குக் குழாய்ச் சோதனை உண்டு, தீச் சோதனை இல்லை. கார்ட்டில் ஓட்டுநரைக் கட்டிப்போடும் பெல்ட் இல்லை, எனவே அந்த விட்டுக்கொடுப்பு. ஸ்னெல் என்ற பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு வாங்கிவிடாதீர்கள். பக்கத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். கார்ட்டிங் ஹெல்மெட் விலை குறைவாக இருக்கும், பார்க்க அச்சு அசலாகக் கார் ஹெல்மெட் மாதிரியே இருக்கும். நிறையப் பேர் ஏமாறுவது அங்கேதான்.

ஐஎஸ்ஐ முத்திரை, ஐரோப்பாவின் இசிஇ, அமெரிக்காவின் டாட் எல்லாம் பைக் ஓட்டுகிறவர்களுக்கானவை. சாலையில் அவை நல்லவையே. அதேபோல எஸ்ஏ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு பைக்கில் வராதீர்கள். கண்திறப்பு குறுகலாக இருப்பதால் பக்கவாட்டுப் பார்வை குறையும். நம் நாட்டில் இருசக்கர வாகனத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்பது சட்டமும்கூட.

3. முத்திரையின் வயது

எஸ்ஏ தரத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள்: எஸ்ஏ 2010, எஸ்ஏ 2015, எஸ்ஏ 2020, இப்போது எஸ்ஏ 2025. பல அமைப்பாளர்கள் கடைசி இரண்டு பதிப்புகளை ஏற்றுக்கொள்வார்கள். இதனால் ஒரு தந்திரம் நடக்கும். புதுப் பதிப்பு வரும் நேரத்தில் பழைய பதிப்பு ஹெல்மெட்டுகளைக் கடைக்காரர்கள் நல்ல தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓட்டப் போகிறவருக்கு எஸ்ஏ 2020 தள்ளுபடியில் கிடைத்தால் லாபம்தான். எஸ்ஏ 2015-ஐ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இப்போது எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு தடவை போட்டதும் மேசையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எஃப்ஐஏ 8859, எஃப்ஐஏ 8860 என்ற எண்களையும் பார்ப்பீர்கள். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் தரங்கள் அவை. 8860 என்பது ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் போடும் வகை. விலையைக் கேட்டால் ஹெல்மெட்டைப் போடாமலேயே தலை சுற்றும். 8859 அதற்கு ஒரு படி கீழே. எஸ்ஏவும் 8859-ம் சேர்ந்து ஒட்டியிருக்கும் ஹெல்மெட்டுகள் நிறைய வருகின்றன. பின்னாளில் பந்தய உரிமம் எடுத்துப் போட்டியில் இறங்கும் ஆசை இருந்தால் இரண்டு முத்திரையும் உள்ளதாக எடுங்கள். டிராக் நாளுக்கு எஸ்ஏ மட்டும் இருந்தாலே தாராளம்.

முத்திரை எங்கே இருக்கும்? வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஸ்னெல் முத்திரை உள்ளே, துணிப் பஞ்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும். அதில் தொடர் எண் இருக்கும். எந்தெந்த மாடலுக்கு முத்திரை கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலை ஸ்னெல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கடையில் நின்றுகொண்டே போனில் பார்த்துவிடலாம். பஞ்சை விலக்கிக் காட்டத் தயங்கும் கடைக்காரரிடம் வாங்காமல் வந்துவிடுங்கள்.

4. தலையை அளப்பது

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம் விட்டு, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே அளந்தால் டேப் பின்னால் சரியும், வேறு யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 57, 58 சென்டிமீட்டர் வந்தால் பல கம்பெனிகளில் எம் சைஸ் (இது மீடியம், ஸ்னெலின் எம் இல்லை). 59, 60 வந்தால் எல். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பைக் ஹெல்மெட்டில் நான் எல், அதனால் இதிலும் எல் என்ற கணக்கு உதவாது. சாலையில் தளர்வாகப் போட்டே பழகியவர்கள் நாம்.

அளவு சரியாக இருந்தும் உட்காராமல் போவது உண்டு. காரணம் தலையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலர் தலை வட்டம், சிலர் தலை முன்னும் பின்னும் நீண்ட முட்டை வடிவம். இரண்டுக்கும் சுற்றளவு 59 என்றே வரலாம். வட்டத் தலைக்காரர் நீள ஹெல்மெட்டைப் போட்டால் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் நெருக்கும், நெற்றியில் இடைவெளி இருக்கும். நீளத் தலைக்காரர் வட்ட ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றியின் நடுவில் ஆணி வைத்தாற்போல் வலிக்கும். பெல், அராய், ஸ்டிலோ, சிம்ப்ஸன், எச்ஜேசி, ஸ்பார்கோ என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அச்சு இருக்கிறது. நண்பன் தலைக்குப் பொருந்தியது உங்கள் தலைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. "எந்த பிராண்டு நல்லது" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் தலை வட்டமா, நீளமா?" பல பேருக்குத் தெரியாது. மொட்டை போட்டபோது எடுத்த போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

5. போட்டுப் பார்ப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். என் மச்சானுக்கு ஹெல்மெட் வாங்கப் போன கதையைச் சொன்னால் புரியும். இன்ச் டேப் 58 காட்டியது. கடைக்காரர் எம் கொடுத்தார். மச்சான் இரண்டு வாரையும் பிடித்து வெளிப்பக்கம் இழுத்து (அப்படி இழுத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் காது மடங்கும்) மாட்டினார். கன்னம் இரண்டும் உள்ளே நெருங்கி, உதடு மீன் வாய் மாதிரி குவிந்துவிட்டது. "ஐயோ மாப்ளே, மூச்சு முட்டுது, எல் குடுக்கச் சொல்லு" என்றார். எல் போட்டதும் முகம் மலர்ந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டார், பணம் கட்டப் போனார்.

தடுத்து நிறுத்தி, எல் ஹெல்மெட்டோடு தலையை அசைக்காமல் வைக்கச் சொன்னேன். தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினேன். ஹெல்மெட் திரும்பியது, நெற்றித் தோல் அப்படியே இருந்தது. தோலும் கூடவே இழுபட வேண்டும். அடுத்து வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, பின்னால் நின்று ஹெல்மெட்டின் கீழ் விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாகத் தூக்கினேன். அது வழுக்கிக்கொண்டு மச்சானின் மூக்குக்கு வந்துவிட்டது. கடைக்காரரே சிரித்துவிட்டார். மோதும் நேரத்தில் கழன்று போகும் ஹெல்மெட் அது.

மறுபடி எம் போட்டு, கழற்றாமல் அரை மணி நேரம் கடையிலேயே உட்காரவைத்தேன். டீ வந்தது, குடிக்க முடியாமல் புலம்பினார். அரை மணி கழித்துக் கழற்றியபோது நெற்றி முழுக்க லேசாகச் சிவந்திருந்தது. அது நல்லது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் காசு அகலத்துக்கு அடர்சிவப்பாக இருந்தால் வடிவம் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஓட்டும்போது அந்த இடம் உயிரை வாங்கும். கன்ன இறுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். கன்னப் பஞ்சு நாளாக நாளாகக் கொஞ்சம் அமுங்கும். பல மாடல்களில் வேறு தடிமனில் மாற்றிக்கொள்ளவும் முடியும். மண்டைப் பகுதியின் இறுக்கம் அப்படித் தளராது. அங்கே வலித்தால் வேறு மாடல் பாருங்கள்.

புருவத்துக்கும் பஞ்சுக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். சுலபமாக நுழைந்தால் பெரிது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய், ஹெல்மெட் போட்ட பிறகு சொருகிப் பாருங்கள். காதுப் பக்கம் அழுத்தி வலிக்கும் மாடல் வேண்டாம். நீள முடி உள்ளவர்கள் டிராக் அன்று எப்படிப் பின்னுவார்களோ அப்படிப் பின்னிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். கொண்டைக்கு ஹெல்மெட்டுக்குள் இடமில்லை, தாழ்ந்த பின்னல்தான் சரிப்படும்.

6. முகம் மூடியதா, திறந்ததா

இதில் இரண்டு கட்சி உண்டு. ராலி ஓட்டுகிறவர்கள் திறந்த ஹெல்மெட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் வழிகாட்டியோடு மைக்கில் பேச அது வசதி. ஏர்பேக் உள்ள சாதாரணக் காரில் தாடைப் பகுதி இல்லாத ஹெல்மெட்டே மேல் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சென்னை வெயிலுக்குத் திறந்தது சுகம்தான், மறுக்கவில்லை.

ஆனாலும் நான் முகம் மூடியதையே சொல்வேன். சாதாரண மூன்று முனை சீட் பெல்ட்டில் மேலுடம்பு முன்னால் நன்றாகவே போகும். எதிரே ஸ்டியரிங் இருக்கிறது. தாடையும் பல்லும் நம்முடையவை. தவிர, மூடியதை எல்லா இடத்திலும் ஏற்பார்கள்; திறந்ததைச் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். மேல்கூரை இல்லாத காராக இருந்தால் பேச்சே இல்லை, மூடியதுதான்.

வைசர் தெளிவான நிறமாக இருக்கட்டும். கறுப்பு வைசர் போட்டோவுக்கு அழகு. மேகம் மூடிய மாலையில் கொடி காட்டுகிறவர் எந்தக் கொடியைக் காட்டுகிறார் என்று தெரியாமல் போகும்.

7. காரில் உட்கார்ந்து பாருங்கள்

பலரும் தவறவிடுவது இதை. வாங்கிய ஹெல்மெட்டைப் பெட்டியோடு வைத்திருந்து டிராக்கில் போய்த்தான் முதல் தடவை காருக்குள் போடுவார்கள். கதவைத் திறந்து ஏறும்போதே "டொக்" என்று கூரையில் இடிக்கும்.

ஹெல்மெட் உங்கள் தலை உயரத்தில் ஏறக்குறைய மூன்று விரல் அகலத்தைக் கூட்டும். சன்ரூஃப் உள்ள காராக இருந்தால் அந்தச் சட்டம் ஏற்கெனவே கொஞ்சம் உயரத்தைத் தின்றிருக்கும். எனவே கடையில், முடிந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால், காருக்குள் போய் உட்காருங்கள். சீட்டை முழுக்கக் கீழே இறக்குங்கள். பெல்ட் போடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கையை ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். கை படுத்த வாக்கில் போய்வந்தால் நல்லது. போகாவிட்டால் சீட்டைச் சற்றுச் சாய்க்கலாம். ஆனால் அதிகம் சாய்த்தால் ஸ்டியரிங் எட்டாது, தோளும் சீட்டை விட்டு எழும்பும். உயரமானவர்களுக்குச் சில ஹேட்ச்பேக்குகளில் எந்த வழியும் இருக்காது. அப்போது வெளிச்சுற்று சிறிதாக உள்ள மாடலைத் தேட வேண்டும். ஒரே எம் சைஸுக்கு ஒரு கம்பெனியில் வெளி ஓடு பெரிதாக இருக்கும், இன்னொன்றில் சிறிதாக இருக்கும்.

அப்படியே தலையை இடது பக்கமும் வலது பக்கமும் திருப்பிக் கண்ணாடிகளைப் பாருங்கள். தாடைப் பகுதி தோளில் இடிக்கிறதா? ஹெட்ரெஸ்ட் பின்னாலிருந்து ஹெல்மெட்டைத் தள்ளிக் கழுத்தைக் குனிய வைக்கிறதா? அப்படியானால் ஹெட்ரெஸ்டை ஒரு படி ஏற்றி இறக்கிப் பாருங்கள், கழற்றி மட்டும் வைக்காதீர்கள். பின்னால் மோதினால் கழுத்தைப் பிடிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

8. ஹான்ஸ் வேண்டுமா

கழுத்தைச் சுற்றித் தோளில் உட்காரும் கறுப்புக் காலர் போன்ற சாதனத்தைப் பந்தயங்களில் பார்த்திருப்பீர்கள். ஹான்ஸ் என்பது அதுதான். அமெரிக்காவில் ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் அவருடைய மச்சானான ஜிம் டவுனிங் என்ற பந்தய ஓட்டுநரும் 1980-களில் உருவாக்கியது. உடம்பு பெல்ட்டில் நிற்க, தலை முன்னால் பாயும்போது மண்டையோட்டின் அடிப்பகுதி முறியலாம், அதை இந்தச் சாதனம் தடுக்கிறது. ஆரம்பத்தில் ஓட்டுநர்களே முகம் சுளித்தார்கள். 2001-ல் டேட்டோனா பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டுநர் அந்த மாதிரிக் காயத்தில் இறந்த பிறகு அதே ஆண்டில் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களில் தலை, கழுத்துப் பாதுகாப்புச் சாதனம் கட்டாயமானது. 2003-ல் ஃபார்முலா 1-லும் ஹான்ஸ் கட்டாயமானது.

முதல் டிராக் நாளுக்கு இது உங்களுக்கு வேண்டியதில்லை, போடவும் முடியாது. இரண்டு தோள் மேலும் பட்டை வரும் பந்தய பெல்ட் இருந்தால்தான் ஹான்ஸ் அதற்கு அடியில் உட்காரும். வீட்டுக் காரின் பெல்ட்டில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஹான்ஸ் மாட்டலாம் என்று ஆசைப்பட்டு, சாதாரண சீட்டில் நாலு முனை பெல்ட்டை மட்டும் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட், பெல்ட், ரோல் கேஜ் மூன்றும் ஒரு கூட்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் இருந்த பாதுகாப்பும் போய்விடும். இப்போதைக்கு வாங்கும் ஹெல்மெட்டின் காதுக்குப் பின்னால் ஹான்ஸ் பட்டையை மாட்டும் குமிழைத் திருகிப் பொருத்தத் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எஸ்ஏ 2015 முதல் வந்தவற்றில் இருக்கும். ட்ரில் பிட்டை வைத்து நீங்களாக ஒரு துளைகூடப் போடக் கூடாது.

9. காசு

வெளிநாட்டுக் கடைகளில் ஆரம்ப நிலை எஸ்ஏ ஹெல்மெட் 250, 300 டாலரில் தொடங்கும். இங்கே வந்து சேரும்போது அனுப்பும் செலவும் சுங்க வரியும் ஏறும். எந்த எஸ்ஏ ஹெல்மெட்டும் அதே சோதனையில் தேறியதுதான். விலை ஏற ஏறக் கிடைப்பது எடைக் குறைவு, காற்றோட்டம், நல்ல துணி, பேர். கார்பன் ஓட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். எடைக் குறைவு கழுத்துக்கு நல்லதுதான், ஆனால் இருபது இருபது நிமிடமாக ஓட்டும் டிராக் நாளில் முதல் வருஷம் அது உங்களுக்குத் தெரியாது. அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பேடும் இன்னொரு டிராக் நாளும் வரும்.

எங்கே காசைச் சேமிக்கக் கூடாது என்றால், பழைய ஹெல்மெட்டில். ஓட்டுக்கு அடியில் இருப்பது தெர்மகோல் மாதிரியான பொருள். அடி விழுந்தால் நசுங்கி அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும், ஒரு தடவை நசுங்கினது மறுபடி எழாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். "ஒரே ஒரு நாள் போட்டது சார்" என்று சொல்கிறவர் கீழே போட்டாரா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அளவு தெரியாமல் ஆன்லைனில் வாங்குவதும் இதே ரகம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதியை முதலில் படித்துவிட்டு, பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வீட்டில் போட்டுப் பாருங்கள்.

10. டிராக் அன்று

முந்தின வாரம் டிவி பார்க்கும்போது தினம் கால் மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. வார் பூட்டுவதையும் பழகுங்கள்: இரண்டு டி வளையங்களுக்குள்ளும் வாரை விட்டு, ஒன்றை மட்டும் சுற்றித் திருப்பி இழுக்க வேண்டும். கையுறையோடு கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரிந்தால் வரிசையில் நிற்கும்போது பதற்றம் இருக்காது. வாருக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும், இரண்டு போகக் கூடாது.

பிட்டில், அதாவது டிராக்கில் கார்களை நிறுத்திவைக்கும் இடத்தில், ஹெல்மெட்டைக் காரின் கூரை மேல் வைக்காதீர்கள். உருண்டு கான்கிரீட்டில் விழுந்த ஹெல்மெட்டை நான் இதுவரை மூன்று பார்த்துவிட்டேன், மூன்றும் புதுசு. தரையில், காரின் நிழலில், திறப்பு மேலே பார்க்க வையுங்கள். பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்த ஆவி தெர்மகோலைத் தின்னும். தின்னரில் துடைப்பது, கண்ட பெயிண்டும் ஸ்டிக்கரும் ஒட்டுவது எல்லாம் அதே காரணத்துக்காகக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பஞ்சைக் கழற்ற முடிந்தால் கழற்றி, குழந்தைக்குப் போடும் ஷாம்பூவில் அலசி நிழலில் காயப்போடுங்கள். மதிய வெயிலில் மொட்டைமாடியிலும் வேண்டாம், கண்ணாடி ஏற்றிய கார் டிக்கியிலும் வேண்டாம். வியர்வை காயாமல் பையில் போட்டு மூடினால் அடுத்த டிராக் நாளன்று திறக்கும்போது பக்கத்து பிட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.